சைஸ் கூட்டினால் கொப்புளம் குறையாது: வேட்டை பூட்ஸ் தேர்வு பற்றி ஒரு பதில்

கேள்வி: நாள் முழுக்கக் காடு மேடு ஏறி இறங்க வேண்டிய வேட்டைக்காக 8 அங்குல உயரமுள்ள தோல் பூட்ஸ் வாங்கினேன். தண்ணீர் புகாத உள்ஜவ்வும் 400 கிராம் குளிர்காப்பும் உள்ளது. நான் வழக்கமாகப் போடுவது 8. அதில் சுண்டுவிரல் நெரிந்ததால் 9 எடுத்தேன். சில மணி நேரத்திலேயே இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்துவிடுகிறது. இறக்கத்தில் பெருவிரல் நகம் போய் முன்னால் இடிக்கிறது. இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் போட்டுப் பார்த்தும் சரியாகவில்லை. "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார்கள். இதையே பழக்கலாமா, வேறு வாங்க வேண்டுமா? வேறு வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்தாலே காரணம் தெரிகிறது. குதிகாலில் கொப்புளம் வருகிறது, அதே பூட்ஸில் பெருவிரலும் முன்னால் இடிக்கிறது. பூட்ஸ் நீளம் போதாமல் விரல் இடித்தால், குதிகால் பின்சுவரோடு அழுந்தித்தான் இருக்கும். உங்களுக்கோ பின்னால் குதிகால் ஏறி இறங்குகிறது, முன்னால் விரல் முட்டுகிறது. அதாவது கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிறது. பாதத்தின் மேல்மேட்டுக்கும் பூட்ஸின் நாக்குக்கும் (லேஸுக்கு அடியில் இருக்கும் மடல்) நடுவே இடம் அதிகம் இருக்கிறது. சுண்டுவிரல் நெரிந்தபோது உங்களுக்குத் தேவைப்பட்டது அகலம். கிடைத்ததோ நீளம்.

சைஸ் ஒன்று கூடும்போது என்ன நடக்கிறது என்பதைக் கடைகளில் யாரும் விளக்குவதில்லை. பிரிட்டிஷ், அமெரிக்க அளவு முறைகளில் ஒரு முழு சைஸ் என்பது மூன்றில் ஒரு அங்குலம், கிட்டத்தட்ட 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய எண்ணில் அது 6.7 மில்லிமீட்டர் அளவில் நிற்கும். நீளத்தோடு சுற்றளவும் கூடுகிறது, பூட்ஸ் மடங்க வேண்டிய இடமும் முன்னால் நகர்கிறது. மற்ற இரண்டையும்விட இந்தக் கடைசி விஷயம்தான் உங்களைப் படுத்துகிறது. பெருவிரல் பாதத்தோடு சேரும் இடத்தில் புடைத்திருக்கும் மூட்டில்தான் கால் மடங்குகிறது. பூட்ஸின் சோலும் அந்த இடத்திலேயே மடங்க வேண்டும். சோல் ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளி மடங்கினால், ஒவ்வொரு அடிக்கும் கால் ஓரிடத்தில் மடங்க, சோல் வேறிடத்தில் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டில் குதிகால் உள்ளுக்குள் மேலே எழும்பும்.

கொப்புளம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். தோல் மேலே தேய்ந்து தேய்ந்து வருவது சிராய்ப்பு, கொப்புளம் வேறு. ஒரு விரல் நுனியைப் புறங்கையில் அழுத்தி, வழுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலோடு மேல்தோல் நகர்கிறது, உள்ளே எலும்பு அப்படியே நிற்கிறது. நடுவில் உள்ள அடுக்குகள் இழுபடுகின்றன. பூட்ஸில் இது தலைகீழாக நடக்கிறது. ஈரத்தில் சாக்ஸோடும் உட்துணியோடும் தோல் ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே குதிகால் எலும்பு ஏறி இறங்குகிறது. ஆயிரக்கணக்கான அடிகள் இப்படி இழுபட்ட பிறகு மேல்தோலின் நடு அடுக்கு கிழிகிறது, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. எலும்பின் அசைவும், அழுத்தமும், தோலுக்கும் துணிக்கும் நடுவே உள்ள பிடிப்பும் சேர்ந்தால்தான் இந்த இழுவை வரும். எனவே நீங்கள் செய்யும் எந்த வைத்தியமும் இவற்றில் ஒன்றைக் குறைக்க வேண்டும். இரண்டு ஜோடி பருத்தி சாக்ஸ் எதையும் குறைக்கவில்லை. பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்கிறது. நசநசவென்று ஈரமான தோல் உலர்ந்த தோலைவிட அதிகமாக ஒட்டும்.

"பழகிவிடும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். பழக்கினால் மாறுவன உண்டு. பூட்ஸின் தோல் இளகும், மடிப்பு விழும், சோலின் விறைப்பு கொஞ்சம் குறையும், உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையான இன்சோல் ஓரிரு மில்லிமீட்டர் அமுங்கும். பூட்ஸின் நீளம் மாறாது. மடங்கும் இடம் மாறாது. குதிகாலைச் சுற்றி உள்ளே வைத்துத் தைத்த விறைப்பான கிண்ணமும் வடிவம் மாறாது. உங்கள் கோளாறு இந்த மாறாத இடங்களில் இருக்குமானால், எத்தனை மாதம் பழக்கினாலும் காலில்தான் தழும்பு ஏறும்.

அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். பூட்ஸிலிருந்து இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வையுங்கள். சாக்ஸோடு அதன்மேல் ஏறி, குதிகாலைப் பின் விளிம்புக்குச் சரியாக வைத்து, இரண்டு காலிலும் எடை கொடுத்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 15 மில்லிமீட்டர், அதாவது ஒரு கட்டைவிரல் அகலம், மீதம் இருக்க வேண்டும். இன்சோலின் அகலமான பகுதியும் உங்கள் பெருவிரல் மூட்டும் ஒரே இடத்தில் வருகின்றனவா, சுண்டுவிரல் பக்கம் சதை வெளியே பிதுங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து இன்சோல் இல்லாத வெறும் பூட்ஸில் காலை விட்டு, விரல் முன்சுவரை மெல்லத் தொடும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரலிலிருந்து ஒன்றரை விரல் வரை நுழைந்தால் நீளம் சரி. இரண்டு விரல் தாராளமாகப் போனால் பூட்ஸ் பெரியது. மூட்டு ஓரிடத்திலும் மடிப்பு வேறிடத்திலும் இருந்தாலோ, பின்னால் இரண்டு விரல் போனாலோ இந்த பூட்ஸை விட்டுவிடுங்கள். பணம் போனதே என்று காலைத் தண்டிக்க வேண்டாம்.

நீளமும் மூட்டும் ஓரளவு சரியாக இருந்து, மேலே மட்டும் இடம் அதிகம் என்று தெரிந்தால், இதைக் காப்பாற்றப் பார்க்கலாம். குதிகால் ஏறி இறங்கினால் பலரும் பின்சுவரில் ஒட்டும் மெத்தையைத்தான் வாங்குகிறார்கள். அது காலை இன்னும் முன்னால் தள்ளும், உங்கள் நகத்துக்குத்தான் கேடு. நாக்கின் உட்புறம், பாதத்தின் மேடு தொடும் இடத்தில், 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபெல்ட் (அழுத்திச் செய்த கம்பளித் துணி) அல்லது நுரைப் பட்டையை ஒட்டுங்கள். அது பாதத்தை மேலிருந்து அமுக்கிப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலை அதன் கிண்ணத்தில் உட்கார வைக்கும். மலிவான வேலை இது, ஆனால் பலன் பெரியது. அதுவும் போதாவிட்டால், பூட்ஸோடு வந்த மெல்லிய இன்சோலை எடுத்துவிட்டு, உள்வளைவைத் தாங்கும் சற்றுக் கெட்டியான இன்சோலைப் போடுங்கள். உள்வளைவு அமுங்கிப் பாதம் நீளுவது குறையும், கால் ஓடவும் இடம் குறையும்.

லேஸ் கட்டும் முறையை இதைவிடக் கூடுதலாகவே வலியுறுத்துவேன். உயரமான பூட்ஸைப் பெரும்பாலோர் மேலே இறுக்கி, கீழே தளர விட்டுக் கட்டுகிறார்கள். இருக்க வேண்டியது இதற்கு நேரெதிர். காலை உள்ளே விட்டதும் குதிகாலைத் தரையில் இரண்டு தடவை தட்டிப் பின்னால் உட்கார வையுங்கள். விரல் பக்கமிருந்து ஒவ்வொரு குறுக்காக இழுத்து வாருங்கள். விரல்களுக்கு மேல் மிதமாகவும், பாதத்தின் மேட்டில் நன்றாக இறுக்கமாகவும் இருக்கட்டும். பாதம் முடிந்து கணைக்கால் தொடங்கும் மடிப்பில் லேஸ்களை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று முறுக்கி இழுங்கள். அறுவைச் சிகிச்சையில் போடும் முடிச்சு இதுதான். அதுவரை கொடுத்த இறுக்கம் இந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும், மேலே தளர்த்தினாலும் கீழே இறங்காது. அடுத்த கொக்கியில் லேஸை வழக்கம்போல் கீழிருந்து மேலாகப் போடாமல், மேலிருந்து கீழாகச் சுற்றிப் பிறகு குறுக்கே கொண்டுவந்தால் பிடி இன்னும் நிற்கும். அதற்கு மேலே கணைக்கால் பகுதியில் ஒரு விரல் நுழையும் அளவு தளர்வு வேண்டும். அங்கே இறுக்கினால், கணுக்கால் மடங்கும்போது பூட்ஸ் முழுவதும் மேலே இழுபட்டுக் குதிகாலையும் கூட்டிக்கொண்டு எழும்பும். முன்கணைக்காலில் ஓடும் தசைநாணிலும் வலி பிடிக்கும். பாதத்தின் மேல் எங்காவது ஒரு புள்ளியில் மட்டும் அழுத்தினால், அந்த இடத்தில் லேஸைக் குறுக்கே விடாமல் பக்கவாட்டிலேயே நேராக அடுத்த துளைக்கு ஏற்றிவிடுங்கள்.

இறக்கத்துக்கு முன் நின்று ஒருமுறை லேஸை மறுபடி இழுத்துக் கட்டுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நடக்க நடக்க பூட்ஸின் தோல் இளகி, காலையில் கட்டிய இறுக்கம் மதியத்தில் இருக்காது.

புதிதாக வாங்குவதென்றால், முதலில் பாதத்தை அளந்து தரச் சொல்லுங்கள். கடைகளில் இருக்கும் உலோக அளவுப் பலகை மூன்று அளவுகள் தரும். குதிகாலிலிருந்து விரல்நுனி வரை ஒன்று, குதிகாலிலிருந்து பெருவிரல் மூட்டு வரை இன்னொன்று, அகலம் மூன்றாவது. முதல் இரண்டும் வெவ்வேறு எண் காட்டினால் பெரியதை எடுங்கள். விரல் குட்டையாகவும் பாதம் நீளமாகவும் உள்ளவர்கள் விரல்நுனி அளவை மட்டும் நம்பி வாங்கி, மடிப்பு தவறிப்போய் அவதிப்படுகிறார்கள். மாலையில் போய் அளவு கொடுங்கள், நாள் முழுக்க நின்று நடந்த கால் வீங்கியிருக்கும். நின்றுகொண்டே அளக்க வேண்டும், இரண்டு காலையும் அளக்க வேண்டும். ஒரு கால் பெரிதாக இருப்பது சாதாரணம். பெரிய காலுக்கு வாங்கி, சின்ன காலுக்கு நாக்கில் பட்டை ஒட்டிக்கொள்ளலாம்.

உங்கள் விஷயத்தில், பழைய 8 அல்லது அதற்கு அரை சைஸ் மேலே, அகலமான வார்ப்பில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்க முறையில் ஆண்களின் சாதாரண அகலம் 'டி', அகலமானது 'இஇ', மிக அகலமானது 'இஇஇஇ'. இந்த எழுத்து பெட்டியின்மேல் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. சுண்டுவிரல் பக்கம் ஓரிரு மில்லிமீட்டர்தான் இடிக்கிறது என்றால், காலணி பழுது பார்ப்பவரிடம் அந்த ஓர் இடத்தை மட்டும் விரித்துத் தரச் சொல்லலாம். ஒரு முனையில் உருண்டையும் மறுமுனையில் வளையமும் உள்ள இடுக்கியால் அழுத்தித் தோலை வெளியே தள்ளுவார்கள். உள்ளே நீர்காப்பு ஜவ்வு இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அளவுக்கு மீறி விரித்தால் ஜவ்வு கிழியும். விரலைச் சுற்றி ரப்பர் பட்டை போர்த்தியிருந்தால் அந்த இடம் அவ்வளவாக விரியாது. நீளத்தை எந்தக் கருவியாலும் கூட்ட முடியாது.

போட்டுப் பார்க்கும்போது காட்டில் போடப்போகும் அதே சாக்ஸும் அதே இன்சோலும் காலில் இருக்கட்டும். சுமை தூக்கி நடப்பவரானால் பையையும் மாட்டிக்கொள்ளுங்கள். எடை ஏறினால் பாதம் பரந்து நீளும். இருபது நிமிடமாவது நடங்கள். சமதரையில் நடக்கும்போது குதிகால் 5, 6 மில்லிமீட்டர் எழும்பினால் கவலைப்பட வேண்டாம். விறைத்த புது சோலில் அது இருக்கும், மடிப்பு விழுந்ததும் குறையும். அதற்கு மேல் போனால் வேண்டாம். சாய்வுப் பலகை இருந்தால் இறங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் படியில் முன்பாதம் அழுந்த இறங்குங்கள். பூட்ஸின் மூக்கால் தரையை மூன்று தடவை மெல்லத் தட்டுங்கள். விரல் முட்டுகிறதா? உடனே பெரிய சைஸ் கேட்காதீர்கள். பாதமேட்டில் லேஸை இறுக்கி மறுபடி தட்டுங்கள். இப்போது முட்டவில்லை என்றால் இறுக்கம்தான் போதவில்லை, நீளம் சரி. இப்போதும் முட்டினால்தான் நீளம் குறைவு. இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் 9 உங்களுக்குப் பொருந்தவில்லை என்பதைக் கடையிலேயே கண்டுபிடித்திருக்கலாம். வீட்டில் இன்னும் சில நாள் தரைவிரிப்பின்மேல் மட்டும் போட்டு நடங்கள். சோல் அழுக்காகாத வரை மாற்றிக் கொடுக்கும் கடைகள் உண்டு, வாங்கும்போதே கேட்டுவையுங்கள்.

குளிர்காப்பு எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 400 கிராம் என்பது பூட்ஸின் எடையைச் சொல்லவில்லை. ஒரு சதுர மீட்டர் காப்புப் பொருள் எத்தனை கிராம் என்பதே அது. அசையாமல் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு 800, 1000 கூடத் தேவைப்படும். நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்குக் கடுங்குளிர் இல்லாவிட்டால் காப்பே இல்லாதது அல்லது 200 போதும். நீங்கள் நடப்பவர். 400 கிராம் உங்கள் காலை வேகவைத்து, அந்த வியர்வையிலேயே தோலை ஊறவைக்கிறது. பொருத்தம் சரியான பிறகும் கொப்புளம் வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். லேஸ் இல்லாத, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் சதுப்பில் நிற்க நல்லது, நீண்ட நடைக்கு வேண்டாம். குதிகாலைக் கட்டிப்போட அதில் எதுவும் இல்லை.

சாக்ஸ் இரண்டு போட வேண்டும் என்று நீங்கள் நினைத்தது சரியான யோசனைதான், பொருள்தான் தவறு. உள்ளே காலோடு ஒட்டி நிற்கும் மெல்லிய செயற்கை இழை சாக்ஸ், வெளியே மெரினோ கம்பளியும் நைலானும் கலந்த நடுத்தரத் தடிமன் சாக்ஸ். இரண்டு துணிகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொள்ளும், தோலின் இழுவை குறையும். இரண்டும் சரியான சைஸில் இருக்க வேண்டும், குதிகால் பை குதிகாலில் உட்கார வேண்டும். ஒரு சுருக்கம் போதும், அந்த இடத்தில் கொப்புளம் போட. சாக்ஸ் பூட்ஸின் வாயைவிட இரண்டு அங்குலமாவது உயரமாக இருக்கட்டும். மாற்று ஜோடி ஒன்று பையில் இருக்கட்டும். மதியம் ஓய்வில் பூட்ஸைக் கழற்றி, காலைக் காற்றாட விட்டு, உலர்ந்ததை மாற்றிக்கொள்ளுங்கள்.

காலில் வியர்வை மிக அதிகம் உள்ளவர்கள் வியர்வைத் தடுப்பான் பூசலாமா என்று கேட்பதுண்டு. அமெரிக்க ராணுவ அகாடமி மாணவர்களிடம் நடத்தி 1998இல் வெளியான ஆய்வில், 20 விழுக்காடு அலுமினியம் குளோரைடு கரைசலை நடைக்கு முன் மூன்று இரவுகளாவது பூசியவர்களில் 21 விழுக்காட்டினருக்கும், பூசாதவர்களில் 48 விழுக்காட்டினருக்கும் 21 கிலோமீட்டர் நடையில் கொப்புளம் வந்தது. ஆனால் பூசியவர்களில் 57 விழுக்காட்டினருக்குத் தோல் எரிச்சலும் வந்தது. எனவே இதை முதல் வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட, மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண காகித ஒட்டுப்பட்டை மேல். 250 கிலோமீட்டர் பல கட்ட ஓட்டத்தில் ஓடியவர்களிடம் செய்து 2016இல் வெளியான ஆய்வில், அதை ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 விழுக்காடு குறைந்தது. கிளம்பும் முன், கழுவி உலர்ந்த தோலில், மூலைகளை வட்டமாக வெட்டி, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். வழியில் எங்காவது சூடாக, சுருக்கென்று உணர்ந்தால் அடுத்த மேடு வரை பொறுக்காதீர்கள். அங்கேயே நின்று கழற்றி ஒட்டுங்கள். அந்தச் சூடு வந்த பிறகு அடுக்கு கிழிய அதிக நேரம் ஆகாது.

புது பூட்ஸை முதல் வாரம் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் அக்கம்பக்கத்தில் சில கிலோமீட்டர், அதற்கடுத்து சுமையோடு மேடு பள்ளத்தில் என்று ஏற்றுங்கள். தண்ணீரில் ஊறவைத்துக் காலிலேயே காயவிடும் பழைய முறை, ஜவ்வும் பசையும் உள்ள இன்றைய பூட்ஸுக்கு ஆகாது. நனைந்தால் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்கள். நெருப்போரம் வைத்தால் தோல் சுருங்கி வெடிக்கும், பொருத்திய அளவும் போய்விடும்.

இப்போது குதிகாலில் இருக்கும் கொப்புளம் சிறியதாக, வலிக்காமல் இருந்தால் உடைக்காதீர்கள். பெரிதாக வலித்தால், சோப்புப் போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் ஒன்றிரண்டு இடத்தில் குத்தி நீரை வடித்துவிடுங்கள். மேல்தோலைக் கிழித்து எடுக்காமல் அப்படியே மூடி, ஹைட்ரோகொலாய்டு பட்டை (ஈரத்தை உறிஞ்சிக் கூழாக மாறிப் புண்ணைக் காக்கும் ஒட்டுப்பட்டை) ஒட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும் தாமே குத்தக்கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். சீழ் வைத்தாலோ, சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ எவரானாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கொப்புளம் முழுதும் ஆறிய பிறகே அடுத்த பூட்ஸைப் போட்டுப் பார்க்கப் போங்கள். வலியைத் தவிர்க்கக் கால் தானாகவே சாய்ந்து நடக்கும், அந்த நடையில் எந்த பூட்ஸின் பொருத்தத்தையும் சரியாகக் கணிக்க முடியாது.